பட்டாபிராமில் ஒரு சேணக் கூரை

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூரில் வீட்டு பிளான் போடும் ஒரு சின்ன ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பெண்தான், அந்த வேலைக்கு அப்போது வேறு பெயர் கிடையாது. ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்த நேரம், ஆவடியில் ஃபிட்டர் வேலை பார்த்த ஒருவர் வந்து என் மேஜையில் ஒரு படத்தை வைத்தார். கனடாவின் கால்கரி நகரத்திலிருந்து அவருடைய மச்சினர் அனுப்பிய தபால் அட்டை. பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடும் பெரிய அரங்கம். அதன் கூரை குதிரைச் சேணம் போல இரண்டு பக்கம் தூக்கி, இரண்டு பக்கம் தாழ்ந்திருந்தது.

“பட்டாபிராம்ல ஊடு கட்டிக்கினு கீறேன். போர்டிகோ மட்டும் இதே மாதிரி வோணும்மா.”

முதலாளி இருந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். சதுரம் சதுரமாக அறைகள் வரைந்தே எனக்குக் கை மரத்துப் போயிருந்தது. “தாராளமா செய்யலாம்” என்றேன். திரும்பி வந்த முதலாளி, “இடிஞ்சி வுழுந்தா நீதான் பொறுப்பு” என்று கையைக் கழுவிக்கொண்டார்.

மேஸ்திரி என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா மேடம், பொரிச்ச அப்பளம் மாதிரி கீது. இதுக்கு எங்கேர்ந்து வளைஞ்ச பலகை எடுத்தார்றது?”

வளைந்த பலகையே வேண்டாம். நேரான கட்டைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்து அடுக்கினால் வளைவு தானாக வரும் என்று பாலிடெக்னிக்கில் படித்திருந்தேன். நேரில் செய்து பார்த்ததில்லை. ஆனால் சொன்னபடியே வளைவு வந்துவிட்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

முதல் மழைக்கு மறுநாள் ஃபிட்டர் ஆள் அனுப்பினார். ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. கூரையின் தாழ்ந்த பக்கம் ஒன்று அவருடைய வாசல். இன்னொன்று பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி. பாதி மழை சுவர் தாண்டி அங்கேதான் கொட்டியதாம்.

சண்டைக்குத் தயாராகப் போனேன். பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். பின்னால் வரிசையாகக் குடங்கள், எல்லாம் ததும்பி.

“தகரம் வெச்சு தண்ணிய என் பக்கம் திருப்பிடறேன்கா” என்றார் ஃபிட்டர்.

“இன்னாது? தகரம் கிகரம் வெச்சே, அவ்ளோதான்! பம்புல அடிச்சி அடிச்சி என் தோள்பட்டையே போச்சு. அது பாட்டுக்கு கொட்டட்டும்!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி வரணும்னுதான் வரைஞ்சேன்” என்றேன், கூசாமல். அந்தம்மா எனக்குக் காப்பி கொடுத்தார்.

அடுத்த மாதம் ஆபீஸுக்கு வந்த ஒருவரிடம் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்: “மழைத்தண்ணி வீணாகாம நான் யோசிச்சுப் பண்ண கூரை, சார்.” நான் தலைநிமிராமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.