ஜீப்பும் டிரெய்லர் நிறையப் புளியும்

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் புளி வாங்கிப் போளூர் மண்டிக்கு அனுப்பும் வியாபாரம் எங்களுடையது. வாடகை லாரி சொன்ன நாளில் வருவதில்லை என்று பழைய ஜீப் ஒன்றும், பின்னால் மாட்ட ஒரு டிரெய்லரும் வாங்கினோம். வாங்குமுன் என் கணவர் பாரத்தோடு மேட்டில் ஓட்டிப் பார்த்தார். சிரமமில்லாமல் ஏறியது. அதற்குமேல் நாங்கள் எதையும் யோசிக்கவில்லை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை என்பது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒரு பங்குனிக் காலையில் டிரெய்லர் நிறையப் புளி மூட்டைகளோடு மலை இறங்கினோம். பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது. டிரெய்லர் ஜீப்பைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது.

"பிரேக் இல்ல. கெட்டியா புடிச்சிக்கோ" என்றார் என் கணவர்.

கியரைக் குறைக்கப் பார்த்தார், விழவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பின்படியிலிருந்த கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார். பஸ் ஒதுங்கும் என்று நினைத்தேன். அது எங்களுக்கு நேர் முன்னால் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை ஆட்டினார்.

"வா, வா! நேரா வந்து முட்டு!"

ஜீப்பின் மூக்கு பஸ்ஸில் இடித்தது. பஸ் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்க, அதன்மேல் சாய்ந்தபடியே நாங்களும் நின்றோம். கண்டக்டர் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கல் வைத்தார். டிரைவர் இறங்கிவந்து நசுங்கிய பின்பக்கத்தைப் பார்த்தார்.

"டிப்போல இன்னா சொல்லப்போறேனோ" என்றார்.

"நானே வந்து சொல்றேங்க. தப்பு எங்களுதுதான்" என்றார் என் கணவர்.

"அத்த வுடுங்க. மொதல்ல அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்க" என்றார் டிரைவர்.

பஸ்ஸிலிருந்த ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. மறுநாளே என் கணவர் டிப்போவுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வண்டி பார்க்கத் திருப்பத்தூர் போனபோது, "எவ்ளோ வெயிட்டானாலும் இழுக்குமுங்க" என்று ஒரு தரகர் ஜீப் ஒன்றைக் காட்டினார். "எறக்கத்துல நிக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். கடைசியில் சின்ன லாரியே வாங்கினோம். ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்த எடைக்குமேல் ஒரு மூட்டைகூட ஏற்றியதில்லை.

அந்த டிரைவர் வேகத்தைக் கூட்டி விலகிப் போயிருக்கலாம். அவரை நம்பி ஒரு பஸ் ஜனம் இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. முன்பின் தெரியாத எங்களையும் தன் பயணிகளாகச் சேர்த்துக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நான் நினைத்துக்கொள்கிறேன்.