நான் கைகாட்டிய சலாக் மரம்

சலாக் பழத்தை உரிக்கும்போது நகக்கண்ணில் ஏறுகிற சிலாம்பு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. பாம்புத் தோல் மாதிரி செதில் செதிலாக, முனையைக் கிள்ளினால் 'சரக்'கென்று கிழிந்து வரும் அந்தத் தோலுக்குள்ளே, பெரிய பூண்டுப் பற்கள் போல மூன்று சுளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடித்தால் முதலில் துவர்ப்பு, அப்புறம் புளிப்பு, விழுங்கப் போகிற நேரத்தில்தான் கொஞ்சம் இனிப்பு. இவ்வளவு பாடுபடுத்திவிட்டு இனிக்கிற பழம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அம்மாவுக்குப் பிடிக்கும். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியேறி, டுரியான் துங்காலில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டுக்கு நாங்கள் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த அப்பா, சுங்கை ஊடாங் பக்கம் பெட்ரோலிய எண்ணெய் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, எங்களைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிட அழைத்துப் போனார். திரும்பும் வழியில் சாலையோரத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்த சலாக்கை அம்மா கேட்டு, அப்பா ஒரு பை வாங்கினார்.

அம்மா தனக்கென்று எதையும் கேட்கிற ஆள் இல்லை. கோழிக்குழம்பில்கூட கழுத்தும் முதுகும்தான் தனக்குப் பிடிக்கும் என்று சாதிக்கிறவர். அன்று காரில் ஐந்து பழங்களைத் தின்றுவிட்டு, கடைசிக் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு மரம் நம்ம வீட்டுலயே இருந்தா நெனச்சப்ப பறிச்சுத் திங்கலாம்லா" என்றார். தோட்டத்து வீட்டில் அம்மா வைத்த முருங்கையையும் கறிவேப்பிலையையும் அடுத்துக் குடிவந்தவர்களுக்கு அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தோம். சொந்த வீட்டில், யாருக்கும் விட்டுப் போகத் தேவையில்லாத ஒரு மரம் வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அதெல்லாம் அன்று புரியவில்லை. அம்மா வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டார் என்பது மட்டும்தான் புரிந்தது. "நான் காய்க்க வச்சுத் தரேம்மா" என்று பெரிய மனுஷியாட்டம் வாக்குக் கொடுத்தேன்.

கொட்டைகளை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு லெச்சுமி அத்தையிடம் போனேன். எங்களைப் போலவே தோட்டத்திலிருந்து வந்தவர். பாகற்காய், வெண்டைக்காய், புடலங்காய் என்று அவர் வீட்டு வேலியில் எப்போதும் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். "வெதைன்னா காயணும். ஈரத்தோட வச்சா அழுகிப் போயிரும்லா" என்று சொல்லி, தேங்காய் ஓடு எரித்த சாம்பலை அவரே அள்ளிக் கொடுத்தார். நானும் கொட்டைகளைச் சாம்பலில் புரட்டி, பழைய தகரத்தில் பரப்பி, பத்து நாள் வெயில் காட்டினேன். மழை மூட்டம் போட்டால் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு தகரத்தைப் பற்றியே கவலைப்பட்டேன். பிறகு நட்டேன், ஊற்றினேன், இரண்டு மாதம் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தோண்டி எடுத்துச் சுத்தியலால் உடைத்தால் உள்ளே சுருங்கிப்போய்க் கிடந்தது.

அப்பா இன்னொரு முறை அந்தப் பக்கம் போனபோது மறுபடி ஒரு பை வாங்கி வந்தார். இந்த முறை அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே தின்றுவிட்டு, கொட்டைகளைச் சாக்கடை ஓரத்து ஈரத்தில் துப்பிப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அதில் இரண்டு முளைத்து நிற்கின்றன. சலாக் விதை காய்ந்தால் செத்துப்போகும், ஈரம் ஆறுவதற்குள் மண்ணுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் பத்து நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது செத்துப்போக, துப்பி எறிந்தது முளைத்ததில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் இரண்டையும் பால்மாவு டின்னில் எடுத்து வைத்து வளர்த்து, முழ உயரம் வந்ததும் பின்கட்டு மண்ணில் நட்டேன். ஒன்று குழாயடியில், ஒன்று சுவரோரத்தில்.

எங்கள் பின்கட்டு, ஆள் படுத்தால் கால் சாக்கடையில் தொங்கும், அவ்வளவுதான் அகலம். அதில் இரண்டு சலாக் வளர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மட்டைகள் ஆள் உயரத்தைத் தாண்டின. ஒவ்வொரு மட்டையிலும் அடியிலிருந்து நுனிவரை ஊசி ஊசியாக முள். பந்து உள்ளே போனால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். கொடியில் காயப்போட்ட பாவாடை, துண்டு, என் பள்ளிச் சீருடை எல்லாம் காற்றடித்தால் முள்ளில் மாட்டிக்கொண்டன. "செம்பனை முள்ளுக்குப் பயந்துதான் ஓடியாந்தேன். இங்க பொண்டாட்டியும் மகளும் வீட்டுக்குள்ளயே தோட்டம் போட்டு வச்சிருக்காளுங்க" என்று அப்பா முனகுவார். முனகினாலும் காய்ந்த மட்டைகளை அவர்தான் கழித்துவிடுவார், எங்களைக் கிட்டே விடமாட்டார்.

நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டுக்குப் போன ஆண்டில் குழாயடி மரம் பூத்தது. மட்டைக்கு இடையிலிருந்து விரல் விரலாக நீண்ட கதிர்கள், செம்பழுப்பு நிறம், தொட்டால் கையில் மஞ்சள் தூள் ஒட்டியது. அம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆம்பளப் பூவு. செம்பனையிலயும் இப்படித்தான் மொதல்ல வரும். பொறு, அடுத்தது பொம்பளப் பூ வரும்" என்றார். செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் மாறி மாறி வரும். அதைப் பார்த்தே வளர்ந்தவர் சொன்னால் நாங்கள் நம்பாமல் வேறு யாரை நம்புவது. பொறுத்தோம். அடுத்ததும் ஆண் பூ. அதற்கடுத்ததும் அதே. ஒவ்வொன்றும் சில நாள் நின்று, காய்ந்து, கருகி விழுந்தது. லெச்சுமி அத்தை வந்து, மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று என் பிய்ந்த பள்ளிக் காலணியையும் ஒரு மொட்டை விளக்குமாற்றையும் ராஃபியா கயிற்றில் கட்டி அதில் தொங்கவிட்டுப் போனார். மரத்துக்கு ரோஷம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே ஊற்றுவேன். சுவரோர மரமோ பூக்கவே இல்லை, வெறுமனே நின்றது.

அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய அப்பா கொடியிலிருந்து உருவிய சீருடைச் சட்டை, முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து கையோடு வந்தது. அன்று வேறு சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"ரெண்டும் இருக்க முடியாதும்மா. ஒன்னுதான். நீதான தண்ணி ஊத்துற, நீயே சொல்லு, எது போகட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை. குழாயடி மரத்தைக் கைகாட்டினேன்.

"இதுப்பா. பூத்துப் பூத்து ஏமாத்துது. அதாச்சும் இன்னும் பூக்கல, பூத்தா காய்க்கும்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி அப்பா வெட்ட ஆரம்பித்தார். முள் கையைக் கிழிக்கக் கிழிக்க அரை நாள் வேலை. வேரைத் தோண்டி எடுக்கும்போது அம்மா வந்துவிட்டார். கையில் அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்று, "யாரு வெட்டச் சொன்னா? பூத்த மரத்தப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா?" என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சாக்கடையைப் பார்த்தேன். "நான்தான் வெட்டுனேன். இது பொய்ப்பூ, உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, வெட்டிய மட்டைகளை இழுத்துக்கொண்டு போனார்.

படிவம் மூன்றில் சுவரோர மரம் பூத்தது. குட்டையாக, தடித்து, இளஞ்சிவப்பாக, முந்தைய பூவுக்குச் சம்பந்தமே இல்லாத பூ. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பொம்பளப் பூ! இதுதான் நல்ல மரம்" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா தினமும் விடிந்ததும் பாய் சுருட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் பூ கறுத்து அழுகி விழுந்தது. அடுத்த பூவும் அழுகியது. அதற்குப் பிறகு எத்தனையோ பூ வந்தது. எருவும் போட்டோம், எறும்பு மருந்தும் அடித்தோம், மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றினோம். ஒரு காய், பெயருக்கு ஒரே ஒரு காய், பிடிக்கவில்லை. "கூடப் பொறந்ததக் கண்ணு முன்னால வெட்டுனா அது எப்படிக் காய்க்கும்? ஏங்கிப் போயிருக்கும்" என்று லெச்சுமி அத்தை சொன்னார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அது அப்பாவின் குற்றமாக நிலைத்துவிட்டது. பூ உதிரும்போதெல்லாம் அம்மா ஏசுவார். இரவுச் சந்தையான பாசார் மாலாமில் சலாக்கைப் பார்த்தால் ஏசுவார். அப்பா ஆசையாக ஒரு கிலோ வாங்கிவந்து நீட்டினால், "வீட்டுல காய்க்கிறத வெட்டிப்புட்டு, கடையில வாங்கியாந்து குடுக்குறாரு" என்று, அதைத் தின்றுகொண்டே ஏசுவார். சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களிடமும் இந்தக் கதைதான். அப்பா, "சரிம்மா, விடும்மா" என்று தேநீர்க் கோப்பையோடு முன்பக்கம் போய்விடுவார். நான் அங்கேதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் இருந்தேன். முதலில் பயத்தில் சொல்லவில்லை, பிறகு வெட்கம், அதற்கும் பிறகு, அதுதான் வீட்டு வழக்கமாகிவிட்டதே, இனிமேல் போய் எதைச் சொல்வது என்ற சோம்பல். என் கல்யாணத்துக்கு முன்னால் சமையலறையைப் பின்னால் நீட்டியபோது சுவரோர மரமும் போனது. அம்மாவே ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு, எல்லோரும் 'காக் ரோஸ்' என்று கூப்பிடுகிற மலாய்க்கார அக்கா, தன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், காய்த்த சலாக்கைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார். நான் கடுப்போடு, எங்கள் வீட்டு மரம் பல வருடம் பூத்தும் ஒரு காய்கூடத் தராத கதையைச் சொன்னேன். அவர் வாயில் பழத்தை வைத்துக்கொண்டே, ஆண் மரம் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். சலாக்கில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாம். ஆண் பூவை வெட்டிக் கொண்டுபோய்ப் பெண் பூவின் மேல் தன் அப்பா கையாலேயே தட்டிவிடுவாராம். அவர்களிடம் இருக்கிற ஒற்றை ஆண் மரத்துக்குத்தான் வீட்டில் முதல் கவனிப்பாம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த பழத்தை உரித்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது: சாம்பல் கொடுத்த அத்தை மேல், செம்பனையைத் தவிர வேறு மரம் தெரியாத அப்பா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மரமும் ஒன்றாக நின்ற அந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டு, இதுதான் வேண்டாம் என்று அவ்வளவு நிச்சயமாகக் கைநீட்டிய அந்தப் பெண் மேல்.

அந்த வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போனேன். மரங்கள் நின்ற இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை, அதன் மேல் துணி துவைக்கும் இயந்திரம். லெச்சுமி அத்தையின் காய்கறி வேலி இருந்த இடம் வேறு யாரோ கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. எங்கள் வரிசையில் பின்கட்டில் கையளவு மண் விட்டுவைத்த வீடு ஒன்றுகூட இல்லை. அம்மா சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காக் ரோஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "பாத்தியா, அந்த மனுசன் அவசரப்பட்டு வெட்டுனாரு, நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று பழைய பாட்டை ஆரம்பித்தார்.

"அப்பா இல்லம்மா. நான்தான் கைகாட்டுனேன். எது போகட்டும்னு அப்பா கேட்டாரு, நான்தான் அத வெட்டச் சொன்னேன்."

அம்மாவின் கை நின்றது. பாதி உரித்த பூண்டைத் தட்டில் வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அவரு" என்றார். "எத்தன வருசம் ஏசியிருக்கேன்டி அந்த மனுசன."

இப்போது என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. அம்மா மறுபடியும் பூண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சேர வேண்டிய ஏச்சையெல்லாம் அப்பாவே வாங்கித் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்.