அம்மனுக்குப் பின்னால் ஒரு மலை

வன்னியில் மலை கிடையாது. ஓமந்தை தாண்டினால் வயல், குளக்கட்டு, பனை, அதற்குமேல் வானம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் எந்தச் சாமியைப் பார்த்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு மலை நிற்கும். நாகதம்பிரானுக்குக்கூட உண்டு.

இது சாமிகளின் விருப்பமல்ல. இங்கே முதலில் சுவரில் படம் கீறியவர் மலையகத்துக்காரர். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர். அவர் தன் ஊரைக் கீறினார். அவரைப் பார்த்துப் பழகியவர்களும் அவருடைய ஊரையே கீறினார்கள். அவர்களைப் பார்த்துப் பழகியவன் நான். மலையை நேரில் கண்டதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன்.

எனக்கு அது அலுத்துவிட்டது. யாரோ ஒருவருடைய மலையை எத்தனை காலம் சுமப்பது? போரில் இடிந்த அம்மன் கோயிலைத் திரும்பக் கட்டிச் சுவரை என்னிடம் தந்தபோது, இதில் வேறு ஒருவர் கையும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தேன். அம்மனுக்குப் பின்னால் எங்கள் குளத்தையும் வயலையும் வைத்தேன்.

கோயில் தலைவர் வந்து பார்த்தார்.

“தம்பி, மலையைக் காணேல்லை?”

“இஞ்ச எங்க ஐயா மலை இருக்கு?”

“இஞ்ச சிங்கமும்தான் இல்லை. அதை மட்டும் கீறிப்போட்டீர்?”

சிங்கத்தின் பிடரிக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசினேன். மலைக்கு மசியவில்லை.

மறுநாள் அந்த முதல் ஓவியரின் மகள் கும்பிட வந்தார். தகப்பன் கடைசிப் போரில் இறந்துவிட்டார். அவர் கீறிய சுவர்களும் அவரோடு போய்விட்டன.

“நல்லா இருக்குண்ணே,” என்றார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை.

“எங்கிட்ட அப்பா போட்டோ ஒண்ணும் இல்லண்ணே. எடம்பெயர்ந்தப்ப எல்லாம் போயிருச்சு. சுவத்துல மலை வரும், அதயாச்சும் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். சண்டை பிடித்திருந்தால் இன்னும் உரத்து மறுத்திருப்பேன். அவரோ திருநீற்றைப் பூசிக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரமே பாதி வானத்தை அழித்து மலையைக் கீறினேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். அம்மனை விட்டுவிட்டு மலையைத்தான் பார்த்தார்.

“எங்க அப்பா கைதான்,” என்றார்.

என் வேலையைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் தூரிகையாலேயே அடிப்பேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். அன்று அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தலைவர் நின்றார்.

“பெயின்ற் மணம் கண்ணுக்குக் கூடாது தம்பி,” என்றார்.

“ஓம் ஐயா,” என்றேன்.