ஒட்டகச்சிவிங்கி டீச்சர்

உயிரியல் டீச்சருக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பட்டப்பெயர். தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. பரிணாமப் பாடம் வந்தால் போதும், நாற்காலி மேல் ஏறிக் கூரையைப் பார்த்துக் கழுத்தை நீட்டுவார். "எட்டி எட்டி இலை தின்னுச்சு, கழுத்து நீண்டுச்சு, குட்டிக்கும் அந்தக் கழுத்தே வந்துச்சு!" வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கூத்து.

ஆய்வுக்கூடத்தில் கரப்பான் தொல்லை தாங்காமல் மருந்தடிப்பவரை வரவழைத்தார்கள். பார்த்தால் டீச்சரிடமே படித்தவர். இப்போது அவர் மகளும் டீச்சரின் வகுப்பில்.

"போன தடவை அடிச்சது வீண். கரப்பானுக்கு மருந்து பழகிப்போச்சுப்பா," என்றார் டீச்சர்.

"பழகலை டீச்சர். செத்தது செத்துப்போச்சு. பிறக்கும்போதே தாங்குற உடம்போட இருந்த நாலஞ்சு மட்டும் தப்பிச்சுது. இப்ப ஓடுறதெல்லாம் அதுங்க வம்சம்." தொட்டிக்கு அடியில் குனிந்தபடியே சிரித்தார். "அப்ப பரிட்சையில ஒட்டகச்சிவிங்கிக்கும் இப்படித்தான் எழுதினேன். நீளக் கழுத்தோட பிறந்தது பிழைச்சுது, மத்தது பட்டினியில போச்சுன்னு. நீங்க முட்டை போட்டீங்க."

அவர் குத்திக்காட்டவில்லை, பழைய கதையாகத்தான் சொன்னார். டீச்சருக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

அவர் போனதும் டீச்சர் பாடப்புத்தகத்தை எடுத்தார். முதல் படம் கழுத்தை நீட்டும் பழைய கருத்து. அது ஏன் தப்பு என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நடித்துக்காட்டத் தோதாக இருக்கிறதென்று முதல் படத்தைப் பிடித்துக்கொண்டவர், அடுத்த பக்கத்தை ஒருநாளும் ஒழுங்காகப் படிக்கவில்லை. 'புரிஞ்சு படிங்க' என்று பிள்ளைகளுக்குக் காது புளிக்கச் சொன்னவர் இவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்! வெட்கத்தில் அன்று யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். சொன்னால் இத்தனை வருஷ மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த நாற்பது பிள்ளைகளும் தப்பையே சுமந்துகொண்டு போகும்.

மறுநாள், அந்தக் கூத்தை இன்னொரு தடவை பார்க்கும் ஆசையில் வகுப்பு நாற்காலியைத் தயாராக இழுத்துப் போட்டிருந்தது.

"ஏறப் போறதில்லை. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு."

இதுவும் நடிப்பென்று நினைத்துச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்காததைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. கரப்பானிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திருத்திச் சொன்னார். பிறகு போன வாரப் பரிட்சைத்தாள்களை எடுத்தார். எல்லாரும் ஒட்டகச்சிவிங்கியை எட்டி எட்டிக் கழுத்து நீட்டத்தான் வைத்திருந்தார்கள். மருந்தடிப்பவரின் மகளும் அப்படியே எழுதி, முழு மார்க் வாங்கியிருந்தாள்.

"உங்கப்பாவுக்குச் சரியான விடை தெரியுமேம்மா, வீட்டுல சொல்லலையா?"

"சொன்னாங்க டீச்சர். ஆனா பரிட்சையில மட்டும் நீங்க சொன்னதையே எழுதச் சொன்னாங்க."

"ஏன்னு கேட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குக் கிடைச்ச முட்டை உனக்கு வேண்டாம்னாங்க."