யாரோ வெள்ளையடித்த கல்லறை

அக்ரிமெண்ட் போட்ட அன்று வக்கீல் ஆபீசில் இருந்தவர்கள்: இறந்துபோன வீட்டுக்காரரின் பெரிய மகன். அவருடைய தம்பி. அவர்களுடைய தங்கை. புரோக்கர். வக்கீல். என் மனைவி. நான்.

வீடு சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஒன்பது வருடமாக அதில்தான் வாடகைக்கு இருந்தோம். பெங்களூரில் வேறு வீடு வாங்க எங்களால் ஆகாது. இதையே வாங்குவதாகப் பேசி, சேர்த்ததை எல்லாம் அட்வான்சாகக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வெள்ளைத்தாளில் உயில் எழுதிவிட்டுப் போயிருந்தார். வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமம். பதிவு செய்யவில்லை. லோன் கேட்டுப் போனபோது பாங்கில் ஒத்துக்கொள்ளவில்லை. உயில் நிஜம்தான் என்று கோர்ட் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பெயர் ப்ரொபேட். வக்கீல் ஆறு மாதம் என்றார். ஒன்றரை வருடம் ஓடியது.

நான் டைல்ஸ் போடுகிறவன். போட்ட டைலைத் தட்டிப் பார்ப்போம். அடியில் காலியாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். பெரிய மகன் பேசும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு தடவை ஜட்ஜ் லீவு என்பார். ஒரு தடவை பேப்பர் வரவில்லை என்பார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

புரோக்கரைக் கேட்டேன்.

"வேற யாருக்காவது விலை பேசறாங்களா?"

"சும்னே தலையைக் கெடுத்துக்காதீங்க மேஸ்திரி. உங்களுக்கு உங்க நிழலு மேலயே டவுட்டு."

"நிழலு எங்கிட்ட அட்வான்ஸ் வாங்கலியே."

அக்டோபர் கடைசியில் பெரிய மகன் போன் செய்தார். "கல்லறைத் திருநாள் வருது மேஸ்திரி. அப்பா கல்லறைக்கு டைல்ஸ் போட்டுக் குடுங்க. மூணு வருஷமா வெறுமனே கெடக்குது."

நான் அம்மன் கோயில் ஆள். ஆனால் இது தெரியும். நவம்பர் இரண்டாம் தேதி கிறிஸ்தவர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முந்தின வாரமே சுத்தம் செய்து வெள்ளையடிப்பார்கள். அந்த வாரம் எங்களுக்கும் வேலை வரும்.

போய்ப் பார்த்தேன். புல் பிடுங்கியிருந்தது. வெள்ளையடித்திருந்தது. விரலால் தேய்த்தேன். ஒட்டியது. அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பெரிய மகனுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளையடிச்சது யாரு?"

"வாட்ச்மேன் அடிச்சிருப்பான். நீங்க வேலையைப் பாருங்க."

வாட்ச்மேன் என் பக்கத்தில்தான் நின்றார். "நான் எங்க அடிச்சேன்? ஒரு அம்மா வருவாங்க. வருஷா வருஷம், இவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே வந்து அடிச்சிட்டுப் போயிடுவாங்க. மகதான்னு சொன்னாங்க."

ஆபீசில் பார்த்த தங்கைக்கு முட்டி வலி. தரையில் உட்கார மாட்டார். அவர் வந்து அடித்திருக்க முடியாது.

டைல்ஸ் போட்டு முடித்தேன். இரண்டாம் தேதி விடியும்போதே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு டைல்ஸைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

"நீங்க போட்டதாண்ணா?"

"ஆமா."

"இந்த ஓரத்துல ஒண்ணு எறங்கியிருக்கு."

இறங்கித்தான் இருந்தது.

"நீங்க யாரும்மா?"

"மூத்த பொண்ணு."

"பேப்பர்ல மூணு பிள்ளைங்கதான் இருக்கு."

சிரித்தார். "அப்பா வாயிலயும் மூணுதான். நான் இந்துவைக் கட்டிக்கிட்டுப் போனேன். அந்த வாரமே எனக்கு ஆத்துமப் பூசை வெச்சிட்டாரு. செத்தவங்களுக்கு வெப்பாங்களே, அது."

திரும்பி வரும்போது மனைவி சொன்னாள். "வாயை மூடிக்கிட்டு இரு. கோர்ட்டு முடியப்போவுது."

இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் கேஸ் இழுக்கும். சொல்லாவிட்டால், வீடு வாங்கின பிறகு ஒரு நாள் அந்த அம்மா பங்கு கேட்டு வாசலில் நிற்கலாம். வருஷா வருஷம் வெள்ளையடிப்பதே அதற்குத்தானோ என்றும் தோன்றியது. மூன்றாம் நாள் வக்கீலிடம் சொன்னேன்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பெரிய மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அப்பா மூணுன்னுதான் சொல்லுவாரு" என்றார் பெரிய மகன். "நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். எத்தினி பிள்ளைங்கன்னு நீங்க கேட்டீங்க. மூணுன்னேன்."

முகத்தைப் பார்த்தேன். நிஜமா, நடிப்பா, தெரியவில்லை. தட்டிப் பார்க்க அது டைல் இல்லை.

வக்கீல் ஒரு நாள் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். மூத்த பெண்ணும் வந்தார். பெரிய மகனாவது வா என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மட்டும் நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூத்தவர் அதில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் படித்தார். அரை மணி நேரம். என் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"எனக்குப் பங்கு வேணாம்" என்றார் அவர். "உயில் மேல ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடறேன்."

"அப்புறம்?" என்றேன். அப்புறம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கோர்ட்டு மனுவுல பிள்ளைங்க எத்தினின்னு எழுதியிருக்கீங்கல்ல. அதை மாத்துங்க."

அவ்வளவுதான் கேட்டார். வேறு ஏதாவது கேட்பார் என்று ரொம்ப நாள் எதிர்பார்த்தேன்.

மனுவைத் திருத்தி மறுபடியும் போட்டதில் இன்னும் ஏழு மாதம் போனது. ஆர்டர் வந்தது. பாங்கில் ஒத்துக்கொண்டார்கள். வீடு என் மனைவி பெயரில் ரிஜிஸ்டர் ஆனது. ஓரத்தில் இறங்கின டைலை எடுத்து வேறு போட்டுக் கொடுத்தேன்.

ஆர்டர் எங்கள் பீரோவில் இருக்கிறது. இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. அவ்வப்போது எடுத்து அந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பேன், யாரும் மாற்றிவிடவில்லையே என்று. இறந்தவரின் பிள்ளைகள்: 4.