நெற்றி பார்க்கும் வேலை

இந்த ஊரில் எனக்கு நெற்றி பார்க்கும் வேலை. ஜோசியம் என்று நினைத்துவிடாதீர்கள். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராக ஒரு வெள்ளைத் துப்பாக்கியை நீட்ட வேண்டும். உடம்புச் சூடு எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். எந்த ஊர் விமான நிலையம் என்று எழுதினால் என் சோற்றில் மண் விழுந்துவிடும், அதனால் வேண்டாம். கொரோனா வருவதற்கு முன்னால் இதே கட்டிடத்தில் நான் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தேன். பயணிகளின் பின்னந்தலையை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, நெற்றியும் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்களுமாக மனிதர்கள் வரிசையில் வருவதைப் பார்க்க முதல் மாதம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நேற்று ஓர் அரபுப் பெரியவர் வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போல. நான் துப்பாக்கியோடு கிட்டே போனதும் முகமெல்லாம் சிரித்து, தலையைக் குனிந்து நெற்றியை என் பக்கம் நீட்டினார். இங்கே சிறியவர்கள் பெரியவர்களின் நெற்றியில் முத்தமிட்டு மரியாதை செய்வார்கள். யாரோ தெரிந்த வீட்டுப் பையன் முத்தமிட வருகிறான் என்று நினைத்துவிட்டார் மனிதர். துப்பாக்கி பீப் என்று கத்தியது. "ஹராரா மாஃபி, பாபா" என்றேன், காய்ச்சல் இல்லை என்று. அவர் அதற்கும் என்னை வாழ்த்திவிட்டுத்தான் போனார். எனக்கு நேற்று முழுக்க மனசு சரியில்லை. வாழ்த்து வாங்குகிற ஆள் நான் இல்லை.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் கரிசல் எங்களுக்கு. எனக்கு எட்டு வயதில் அம்மா இறந்துபோனாள். அடுத்த வருஷமே அண்ணனுக்குக் கல்யாணமாகி, மதினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாண மாலை வாடுவதற்குள் என் தலையில் பேன் பார்க்க உட்கார்ந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். அண்ணன் காட்டைப் பார்த்தான், மதினி என்னைப் பார்த்தாள். நான் வெளிநாடு கிளம்பியபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நின்று கை காட்டினாள். பிறகு மூன்று வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. விமானம் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. போனில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுத்தான். "ஏய்யா, ஒரு நடை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிருய்யா. பெறகு எங்கன வேணும்னாலும் இரி."

எப்படியோ விடுப்புக் கிடைத்தது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று சான்றிதழும் கிடைத்தது. ஆனால் கிளம்புகிற அன்று காலையில் எழுந்தபோது உடம்பு கொதித்தது. எனக்குத் தெரியாதா? தினமும் ஆயிரம் நெற்றி பார்க்கிறவன். மாத்திரை போட்டுக்கொண்டு சூட்டை இறக்கி வருகிறவர்களை, மேலுதட்டு வியர்வையை வைத்தே கண்டுபிடித்து ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். மேலதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நானும் கழிவறைக்குள் போய் இரண்டு மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முகத்தைக் கழுவி, உதட்டை நன்றாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் இடத்தில் நின்றிருந்த பிலிப்பைன்ஸ் நண்பன் என் நெற்றியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மதுரையில் இறங்குவதற்கு முன்னால் இன்னும் இரண்டு மாத்திரை. அங்கே தலை முதல் கால்வரை மூடிய ஒரு பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, பத்து நாள் வீட்டில் தனியாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

தனியாக இருக்க வீட்டில் ஓர் அறைதான் உண்டு. அதில் வத்தல் மூட்டைகள் இருந்தன. ஊரடங்கில் கமிஷன் கடைகளெல்லாம் மூடிக் கிடந்ததால், களத்தில் காய்ந்த மிளகாய் வத்தல் முழுவதும் விலைபோகாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, மறுபக்கம் எனக்குக் கட்டில் போட்டிருந்தாள் மதினி. எங்கள் பக்கத்தில் மாசி முதல் சித்திரை வரை இருமல் கேட்காத வீடு கிடையாது. வத்தலைக் கிளறினால் இருமல், அள்ளினால் தும்மல், காற்றடித்தால் இரண்டும். அந்த மாதங்களில் இருமுகிறவனைப் பார்த்து யாரும் உடம்புக்கு என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

நானும் இருமினேன். "வெளிநாட்டு ஏசியில கெடந்த ஒடம்பு, நெடி தாங்கல பாரு" என்று சிரித்தான் அண்ணன். தினமும் வெப்பம் பார்க்க வருகிற சுகாதாரப் பணிப் பெண் என்னிடம் இருந்ததைப் போலவே ஒரு துப்பாக்கியோடு வந்தாள். வாசலில் கால் வைத்ததும் அவளே இருமத் தொடங்கிவிட்டாள். மாத்திரை புண்ணியத்தில் எண் சரியாக இருந்தது. இருமல் உண்டா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் உள்ளேயிருந்து இருமினான், மதினி அடுப்படியிலிருந்து இருமினாள். "வத்தல் நெடி, அண்ணாச்சி. எங்க வீட்லயும் இதே பாடுதான்" என்று சொல்லிவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் சூட்டை மாத்திரை மறைத்தது, இருமலை வத்தல் மறைத்தது. மிச்சத்தை நான் மறைத்தேன்.

மிச்சம் என்ன என்று சொல்கிறேன். இரண்டாம் நாள் மூட்டை ஒன்றை நகர்த்தும்போது சாக்கு கிழிந்து வத்தல் கொட்டிவிட்டது. அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். தெருவில் போன நாய்கூடத் தும்மியது. நான் அந்தச் செந்தூசிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. ஒரு கை வத்தலை அள்ளி முகத்தோடு வைத்துப் பார்த்தேன். வெறும் சருகு மாதிரி இருந்தது. மூக்கு மரத்துப்போவதும் இந்த நோயின் அடையாளம் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்தாயிற்று. சொன்னால் தெருவைத் தட்டி வைத்து அடைப்பார்கள், ஆஸ்பத்திரியில் போடுவார்கள், திரும்பும் விமானம் போகும், வேலை போகும். இதெல்லாம் காரணம்தான். ஆனால் கழிவறையில் மாத்திரை போட்டதைச் சொல்ல வேண்டிவருமே என்ற வெட்கம்தான் பெரிய காரணம். மூன்று வருஷம் கழித்து வந்த பிள்ளைக்காக விடிந்ததும் அடுப்புப் பற்றவைக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

முதலிரண்டு நாள் மதினி தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். மூன்றாம் நாள் புளிக்குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு, இப்படிக் குழம்பு தின்று மூன்று வருஷம் ஆச்சு மதினி என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏய்யா, கொழம்புல உப்பே போடலயேய்யா. எப்படித் தின்ன?"

"நல்லாத்தான் இருந்துச்சு, மதினி."

"மதினி மனசு நோவும்னு சொல்லாம தின்னுருக்கியே. ஒன்னயப் போயி நாயி மாதிரி தள்ளி வச்சுச் சோறு போடுதேன் பாரு" என்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே படியைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு தள்ளிப் போகவே இல்லை. ஐந்தாறு நாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளினோம். சோடை வத்தலை ஒரு பக்கம் ஒதுக்கினோம். நான் இருமுவேன், அவள் இருமுவாள், சிரிப்போம். நான் திரும்பும்போது கொண்டுபோக என்று நல்ல வத்தலாகப் பொறுக்கி ஒரு பையில் தனியாகக் கட்டி வைத்தாள். அந்த நேரத்திலாவது எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எட்டாம் நாள் அவள் படுத்தாள். நெடிதான் நெஞ்சைக் கட்டிவிட்டது என்று அண்ணன் பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தான். பத்தாம் நாள் பேச்சு நடுவிலேயே நின்று மூச்சு வாங்கியது. லோடு ஆட்டோவில் படுக்க வைத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள். சேர்த்த மூன்றாம் நாள் உடலைப் பொதிந்து கட்டிக் கொடுத்தார்கள். என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவளை யாரும் குளிப்பாட்டவில்லை. நான் வருவதால் ஆச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்த அண்ணன் மகள் செல்வி மட்டும் தூரத்தில் நின்று, அம்மா என்று ஒரு தடவை கத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குறித்த நாளில் விமானம் ஏறினேன். நெற்றியும் சரியாக இருந்தது.

திரும்பி வந்தபின் நான் வேலையில் கெடுபிடியான ஆள் என்று பேரெடுத்துவிட்டேன். போன மாதம் கழுகுமலைக்காரர் ஒருவர் வரிசையில் வந்தார். எண் கூடுதலாகக் காட்டியது. ஓரமாக நிறுத்தினேன். என் பேச்சைக் கேட்டு என் ஊர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணாச்சி, அப்பா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்காவ. கண்ண மூடிக்கிட்டு விட்டுருங்க அண்ணாச்சி. வெயில்ல நடந்து வந்த சூடுதான்" என்று என் கையைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டு மருத்துவ அறைக்குக் கை காட்டினேன். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார், "ஒனக்கெல்லாம் ஊருல யாருமே கெடையாதாடே?" மறுநாள் விசாரித்தேன். அவருக்கு நோய் இருந்தது. அவர் அப்பா அன்றைக்கே இறந்துபோயிருந்தார். நான் செய்தது சரியா, தப்பா? யாரிடம் போய்க் கேட்பது?

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன வெள்ளிக்கிழமை அண்ணன் பேசினான். புரட்டாசி பிறந்து காடெல்லாம் உழவு நடக்கிறது என்றான். என்ன விதைக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"மக்காச்சோளம் போடுதேன். இனிமே நம்ம காட்டுல வத்தல் கெடையாதுலே. அவளக் கொன்ன சனியன் அது."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவனே மேலே பேசினான்.

"கொரோனா கிரோனான்னு ஆயிரம் எழுதிக் குடுக்கட்டும். மூட்டைய வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்குனது நாந்தான. அந்த நெடிதான் அவ நெஞ்ச அரிச்சுருச்சு. ஒன்னயும் அதுக்குள்ளதான் படுக்க வச்சேன். ஒனக்கும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, செத்தவ மூஞ்சில நான் எப்படிலே முழிப்பேன்? மன்னிச்சிருலே தம்பி."

சரிண்ணே என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சரிண்ணே என்றுதான் சொன்னேன். எங்கள் பரம்பரையில் கரிசலில் மிளகாய் போடாத வருஷம் இதுதான் முதல். வீட்டில் இருமல் சத்தம் கேட்கக்கூடாது என்று அண்ணன் மிச்ச மூட்டைகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டானாம். அவன் சுமப்பது என் பாரம். நான் அதையும் அவனிடமே விட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அண்ணன் பத்திரிகை படிக்க மாட்டான். செல்வி படிப்பாள். எங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டால் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போனில் சொல்ல முடியாதவன் அச்சில் சொல்கிறான் என்று நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். செல்வி, நிறுத்தாமல் கடைசி வரை வாசி. வத்தல் போடச் சொல் உன் அப்பாவை.

மதினி கட்டித் தந்த பையை இத்தனை நாளும் பிரிக்கவில்லை. அண்ணன் பேசிய அன்று பிரித்து, அறையிலிருந்த சின்ன அடுப்பில் ஒரு கை வத்தலைப் போட்டு வறுத்தேன். உடன் இருக்கும் மலையாளியும் வங்காளியும் பெஷாவர்க்காரனும் ஆளுக்கொரு பாஷையில் திட்டிக்கொண்டு, இருமி இருமிக் கண்ணீரோடு வெளியே ஓடினார்கள். வாசலில் நின்று என்னை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் சட்டிக்கு மேலே முகத்தைக் குனிந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். வத்தல் கருகிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.