நானுஓயா வழியாக ஒரு சோடி பூட்ஸ்

“தோட்டத்துப் புள்ளைங்க மழை வந்தா செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு நடக்கிறவங்க. நீ பூட்ஸ் போட்டு வெளிநாட்டுக்காரங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போவியா?”

கொட்டகலைக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதன் மேற்பார்வையாளர் நேர்முகத்தில் என்னிடம் கேட்டது இது. விருந்தினர்களைத் தேயிலை மலையில் நடத்திச் செல்லும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, பட்டமும் பெற்ற முதல் ஆள் நான்தான். மூன்று மொழி பேசுவேன். அவர் அதைக் கேட்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். திங்கட்கிழமை கணுக்காலை மூடும் பூட்ஸோடு வந்து, அவருடன் உச்சி வரை நடந்து காட்ட வேண்டும். வழுக்கினால் வேலை இல்லை.

சனிக்கிழமை காலை கொட்டகலை நிலையத்தில் ரயில் ஏறினேன். துணைக்குச் சித்தி. அம்மாவின் தங்கை, கொழுந்து பறிப்பவர். மார்கழிக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

தலவாக்கலை தாண்டியதும் வாசலில் கால் தொங்கப்போட்டிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களின் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கினேன். ஒருத்தியுடையது முழங்கால் வரை உயர்ந்த பளபளப்பான தோல், சேறே படாதது. மற்றவளுடையது குட்டை, கயிறு கட்டியது, முனை தேய்ந்தது. நீளமானது நடக்க வசதியா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். படம் எடுக்க நல்லது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விடை இருந்தது.

“அந்த நீளமானதையே எடு புள்ள. ராணி கணக்கா இருக்கும்” என்றார் சித்தி.

“அட்டை உள்ள பூந்தா அதக் கழட்டுறதுக்குள்ள கால்ல ரத்தமே இருக்காது சித்தி.”

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு பஸ். எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் பனிமூட்டத்தில் முன்னால் போன லொறியின் பின்விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை.

குளிர் நாட்டுக்குப் பறக்கிறவர்கள் கொழும்பிலிருந்துகூட இங்கே வந்துதான் கோட்டு வாங்குவார்கள். கடைத்தெருவில் கோட்டுகளுக்கு நடுவே பூட்ஸ்கள் சோடி சோடியாகக் கயிற்றில் தொங்கின. எல்லாமே புதிதுபோல மின்னின. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தி ஒரு கடைக்குள் நுழைந்து, உள்ளே மயிர் வைத்த கறுப்பு பூட்ஸ் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அசல் தோல் தங்கச்சி. கப்பல்ல வந்த சாமான்” என்றார் கடைக்காரர். முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் என்ற பொருளில் நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“கப்பல் எப்ப வந்துச்சு நானா?”

கேட்டபடியே அதன் அடிப்பாகத்தில் நகத்தை அழுத்தினேன். பழைய ரொட்டிபோல உதிர்ந்தது. பல வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸ் இப்படித்தான், மேலே மினுங்கும், அடி தூளாகும். பட்டமளிப்பு விழாவில் மேடைக்குப் போன தோழியின் சப்பாத்து, பாதி வழியில் அடியைக் கழற்றிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மூலையில் ஒரு கரும்பழுப்புச் சோடி இருந்தது. குட்டை, கயிறு கட்டுவது. அடியில் ஆழமான பள்ளங்கள். ஒட்டியதோடு நில்லாமல் சுற்றிலும் தைத்திருந்தார்கள். எங்கள் மண்ணின் நிறம், சேறு பட்டாலும் தெரியாது. பையிலிருந்து தடித்த காலுறையை எடுத்தேன். இங்கே வருகிறவர்கள் செருப்போடு வந்து வெறுங்காலில் போட்டுப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். வீட்டில் காலுறை போட்டதும் பூட்ஸ் ஏறாது. எனக்கும் முப்பத்தேழாம் அளவு இறுக்கியது. முப்பத்தெட்டில் குதிகால் அசையாமல் நின்றது, விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடமும் இருந்தது. இறக்கத்தில் அந்த இடம் இல்லாவிட்டால் நகம் போய்விடும்.

“வெளியில நடந்து பாத்துட்டு வர்றேன்.”

“நல்ல கதை! சேத்துல மிதிச்சுட்டு வேணாம்னா நான் யாருக்கு விக்கிறது?”

“உங்க சீமெந்துத் தரையில நடந்தா வழுக்குமா இல்லியான்னு எப்படித் தெரியும்?”

“அப்படியே போயிட்டா?”

நான் அவரை நம்பவில்லை, அவர் என்னை நம்பவில்லை. நடுவில் சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏங்க நானா, அவ வரலைன்னா என்னைய வச்சுக்கங்க.”

“உங்கள வச்சு என்ன செய்ய? சோறு போட்டே கடைய விக்கணும்!”

சிரித்தார். ஆனாலும் என் செருப்பை எடுத்துத் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டுதான் விட்டார்.

கடைக்குப் பக்கத்தில் பாசி பிடித்த கருங்கல் படிகள் இருந்தன. தூறல் அவற்றை நன்றாக நனைத்திருந்தது. இறங்கினேன், ஏறினேன், பக்கவாட்டில் கால் வைத்தேன். பிறகு தெருவோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் கொஞ்ச நேரம் நின்றேன். கடை வாசலில் அவர் தலை நீட்டிப் பார்த்தபடியே இருந்தார். காலுறை நனையவில்லை.

“வழுக்கிச்சா?”

“இல்ல.”

“அசல் சாமான் தங்கச்சி!”

“அந்தக் கறுப்புக்கும் இதையேதான் சொன்னீங்க.”

எட்டாயிரத்து ஐந்நூறு சொன்னார், ஏழாயிரத்துக்குக் கொடுத்தார். சித்தி அதற்குள் கடுகு மஞ்சளில் ஒரு கம்பளிக் கழுத்துத் துணியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். “பூட்ஸும் மண்ணு நெறம், காச்சட்டையும் மண்ணு நெறம். பனிக்குள்ள ஒன்னைய யாருக்குத் தெரியும்?” பின்னால் வருகிறவர்கள் வழிகாட்டியைத் தொலைத்துவிடக் கூடாது என்பதால் அதையும் எடுத்தேன். அகன்ற சுரிதார் பூட்ஸுக்கு மேலே பொதி கட்டியதுபோல் நிற்கும். ஒடுக்கமான காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டால் அழகு, அட்டைக்கும் வழியில்லை.

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்ஸைக் கழற்றாமலேயே ரயிலேறினேன். தோல் என் காலுக்குப் பழக வேண்டுமே. கொட்டகலையில் இறங்கி, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறும்போது தண்ணீர்ப் பைப்படியில் நின்ற பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

“தள்ளுங்கடி, தொரசானி வர்றாங்க!”

“வர்றேன், பாத்துக்கங்க” என்றேன்.

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் படம் எடுக்கத்தான் பூட்ஸ் போட்டு நிற்கிறார்கள். எங்கள் பக்கம் அது துரைமாருடைய பொருளாகவே இருந்துவிட்டது, அதனால்தான் என் காலில் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. எல்லோருடைய செருப்பும் வாசலில் கிடக்க, என் பூட்ஸை நான் கட்டிலுக்கடியில் வைத்துப் படுத்தேன். நாய்களையும் நான் நம்புவதில்லை.

மேற்பார்வையாளரையும் நம்பவில்லை. திங்கட்கிழமை அவர் இருப்பதிலேயே மோசமான பாதையைத்தான் காட்டுவார். அதனால் இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, மழையோடு பங்களா மலைக்குப் போனேன். காவல்காரர் குடைக்குள்ளிருந்து கேட்டார்.

“நாளைக்கு வர்ற புள்ளதான நீ? இன்னிக்கு என்ன?”

“எங்க வழுக்கும்னு பாக்க வந்தேங்க.”

உச்சிக்குப் போகும் இரண்டு பாதையிலும் ஏறி இறங்கிவிட்டேன். பூட்ஸ் இப்போது அடுப்புக்குச் சற்றுத் தள்ளி காய்கிறது. மலைப்பாதையில் தண்ணீர்க் கானைத் தாண்டியதும் வரும் சாய்ந்த பாறையில் மட்டும் யாருக்கும் கால் நிற்காது, ஓரமாகத்தான் மிதிக்க வேண்டும். நாளை அந்த இடத்தில் நான் முதலில் கடந்து, திரும்பி நின்று, மேற்பார்வையாளருக்குக் கை கொடுப்பேன்.